கலகலப்பான ரூம்மேட்களுக்கு நடுவே ஓர் இன்ட்ரோவெர்ட்: என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

ஆட்களோடு இருந்தால் சோர்ந்து, தனிமையில் தெம்பு பெறும் சுபாவமுள்ள (இன்ட்ரோவெர்ட்) ஒருவர் கேட்ட கேள்வியின் சாரம் இது: கூடக் குடியிருக்கும் மூவரும் ஆட்கள் சூழ இருந்தால்தான் உற்சாகமாக இருப்பவர்கள். வாரத்தில் பாதி நாள் ஹாலில் நண்பர்கள் கூட்டம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ‘நம்மைப் பிடிக்கவில்லை போல’ என்கிறார்கள். கூடவே உட்கார்ந்திருந்தால் மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. வீட்டை மாற்றாமல் இதைச் சமாளிக்க முடியுமா?

பெரும்பாலான வீடுகளில் முடியும். ஆனால் இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாக வைக்கும் கோரிக்கை, ‘ஆட்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்பது. அது அநேகமாகத் தோற்றுப்போகும். ஜெயித்தாலும் பெரிய நிம்மதி வராது. கேட்க வேண்டியவை வேறு. யார், எப்போது வருகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிய வேண்டும். யாரும் குறுக்கிடாத ஓர் இடமோ நேரமோ உங்களுக்கென்று இருக்க வேண்டும். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் அதே அளவு ஆட்கள் வந்துபோனாலும் சோர்வு நன்றாகவே குறையும்.

இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1972இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ஆட்களை ஒழுங்கற்ற, எப்போது வரும் என்று தெரியாத இரைச்சலுக்கு நடுவே வேலை செய்யவைத்தார்கள். சிலரிடம் மட்டும் ஒரு பட்டனைக் காட்டி, ‘வேண்டுமானால் அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது’ என்றார்கள். பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. இரைச்சல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் அடுத்துக் கொடுத்த வேலையில் பட்டன் வைத்திருந்தவர்கள் கூடுதல் பொறுமையோடும் குறைந்த பிழைகளோடும் செயல்பட்டார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பே பாதி சுமையை இறக்கிவிட்டது.

இன்னொன்று, வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்டூவர்ட் வாலின்ஸும் ஆண்ட்ரூ பாமும் 1970களில் கல்லூரி விடுதிகளை ஒப்பிட்டார்கள். ஒரு வகை விடுதியில் நீண்ட நடைக்கூடம். முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொதுக் குளியலறை, பொதுக் கூடம். இன்னொரு வகையில் நான்கு முதல் ஆறு பேர் கொண்ட சிறு தொகுதிகள். தலைக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய ஒன்றே. இருந்தும் நடைக்கூடத்துக்காரர்கள்தான் நெரிசலை உணர்ந்தார்கள், ஆட்களைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். யாரை எப்போது எதிர்கொள்வது என்பது அவர்கள் கையில் இல்லை, அதுதான் காரணம். பின்னர் அப்படி ஒரு நடைக்கூடத்தின் நடுவில் சில அறைகளை எடுத்து, கதவு வைத்து இரண்டாகப் பிரித்தபோது, அங்கிருந்தவர்களின் நெரிசல் உணர்வு குறைந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது கூச்ச சுபாவம் போலத் தெரிவதில் ஒரு பங்கு, வீட்டின் அமைப்பு உண்டாக்குவதுதான்.

சோர்வைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். அது உடனே வருவதில்லை. ஃபின்லாந்தில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் தங்கள் நடத்தையையும் மனநிலையையும் நாளில் பல முறை குறித்துவந்தார்கள். கலகலப்பாக நடந்துகொண்ட நேரத்தில் மனநிலை உயர்ந்தது. சுமார் மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பு கூடியது. இது கலகலப்பான சுபாவக்காரர்களுக்கும் பொருந்தியது. எட்டு மணிக்குச் சிரித்துப் பேசிவிட்டுப் பதினொரு மணிக்கு எரிச்சலாகிறவர் நடிக்கவில்லை, இரண்டுமே உண்மைதான். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் உட்காரலாம்’ என்ற அந்த நேரத்து உணர்வை நம்பாதீர்கள். எழுந்து போகும் நேரத்தை உட்காரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

யாரிடமும் பேசுவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள். ஒவ்வோர் இரவும் நான்கே விஷயம்: யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம், முன்பே தெரியுமா தெரியாதா, படுக்கும்போது சோர்வு பத்துக்கு எத்தனை. மறுநாள் காலை இன்னொரு எண். ஏழு நாள் முடிவில் பெரும்பாலோருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். சனிக்கிழமை நடந்த பெரிய கூட்டம் அவ்வளவு பாதித்திருக்காது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் எதிர்பாராமல் இரண்டு புது முகங்களைப் பார்த்ததோ, சாப்பாட்டுத் தட்டோடு சமையலறையில் மாட்டிக்கொண்டதோதான் அதிக எண் வாங்கியிருக்கும். எது உண்மையில் பாதிக்கிறது என்று தெரியாமல் போய்ப் பேசினால், தேவையில்லாததைக் கேட்டு, கிடைத்திருக்கக்கூடிய நல்லெண்ணத்தை வீணாக்கிவிடுவீர்கள்.

இனி பேச்சு. கூட்டம் இல்லாத ஒரு சாதாரண மாலையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் நடந்த மறுநாள் காலை வேண்டாம். என்ன சொன்னாலும் புகாராகவே கேட்கும். வாட்ஸ்அப் குரூப்பில் எழுதவும் வேண்டாம். எழுத்தில் தொனி தெரியாது. அவர்கள் மூவரும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகே உங்களுக்குப் பதில் வரும். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துத் தொடங்குவதைவிட, யாரோடு பழக்கம் அதிகமோ அவரிடம் முதலில் தனியாகச் சொல்வது நல்லது. அவர் புரிந்துகொண்டால் மற்ற இருவரிடமும் பாதி வேலையை அவரே முடித்துவிடுவார்.

சொல்வது இப்படி இருக்கலாம்:

“ஆளுங்க நிறைய இருந்தா எனக்குச் சீக்கிரம் அசந்துபோயிடும், என் சுபாவமே அப்படித்தான். உங்க ஃப்ரெண்ட்ஸ் வர்றதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இன்னைக்கு வர்றாங்கன்னு மத்தியானமே ஒரு மெசேஜ் போட்டா போதும், நான் என் வேலைய அதுக்கேத்த மாதிரி வச்சுக்குவேன்.”

இதில் காரணம் உங்களிடம் இருக்கிறது, அவர்கள்மேல் பழி இல்லை. கோபமில்லை என்பது வெளிப்படையாக வந்துவிடுகிறது. கேட்பது ஒன்றே ஒன்று, அதுவும் அரை நிமிடத்தில் முடிகிற காரியம். ‘உங்க மேல கோபம் இல்ல’ என்பதை அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். பேசிப் பேசியே நெருக்கத்தைக் காட்டும் சுபாவம் உள்ளவர்களுக்கு, அமைதி என்றால் மனத்தாங்கல் என்றுதான் தோன்றும். அவர்களுக்குள் ஒருவர் பேசாமல் இருக்கிறார் என்றால் அது நிஜமாகவே கோபமாகத்தான் இருக்கும். உங்கள் அமைதியையும் அதே கணக்கில்தான் படிக்கிறார்கள்.

இரண்டாவது கோரிக்கையை இரண்டு வாரம் கழித்து வையுங்கள். முடியும் நேரம் பற்றி. இங்கே கட்டாயம் மணியைச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் சீக்கிரம்’ என்றால் உங்களுக்குப் பத்து, அவர்களுக்கு ஒன்று. ‘வேலை நாள்ல பத்தரைக்கு மேல பாட்டு மட்டும் நிறுத்திட்டா போதும், பேச்சு ஓடட்டும்’ என்பது யாருக்கும் குழப்பம் தராத ஏற்பாடு. பதிலுக்கு நீங்களும் ஒன்றைக் கொடுக்க வேண்டும்: வெள்ளி, சனி இரண்டு இரவும் எவ்வளவு நேரமானாலும் நீங்கள் முகம் சுளிக்க மாட்டீர்கள் என்று. அது அவர்களுக்கும் வீடு. உங்களுக்குத் தனிமை எவ்வளவு தேவையோ அவர்களுக்கு ஆட்கள் அவ்வளவு தேவை. இதை மனதார ஏற்றுக்கொண்டு பேசுகிறவரின் குரலுக்கும், பொறுத்துக்கொண்டு பேசுகிறவரின் குரலுக்கும் உள்ள வித்தியாசம் எதிரே இருப்பவருக்குத் தெரியும்.

முன்னறிவிப்பு ஏற்பாடு முதல் மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது தவறும். இது எதிர்பார்க்க வேண்டியது. இவர்களின் சந்திப்புகள் பாதி அந்தந்த நேரத்தில் முளைப்பவை. ஆகவே ‘கடைசி நிமிடத்தில் முடிவானால், கால் மணி நேரம் முன்னால் தெரிந்தால்கூடப் போதும்’ என்று சேர்த்தே சொல்லிவையுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் சாப்பிட வேண்டியதை அறைக்கு எடுத்துப் போகலாம், தண்ணீர் பிடித்து வைக்கலாம், குளித்து முடிக்கலாம். இதெல்லாம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் அறைக்குள் இருக்கும் நிம்மதியைக் கெடுப்பது, ‘தண்ணீர் எடுக்க வேண்டுமானால் எட்டுப் பேரைத் தாண்டிப் போக வேண்டும்’ என்ற நிலைதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பசிக்கு ஏதாவது, சார்ஜர், ஒரு மேசை விளக்கு ஆகியவை எப்போதும் அறையிலேயே இருக்கட்டும்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு: நேரில் ‘பரவாயில்லை, பரவாயில்லை’ என்று சொல்லிக்கொண்டே போய், ஒரு நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு வெடிப்பது. அதுவரை அவர்களுக்கு எந்தத் தகவலும் வராததால், அந்த வெடிப்பு உங்கள் குணமாகவே பதிந்துவிடும். முதல் முறை தவறும்போதே, மறுநாள் மாலை, சாதாரணக் குரலில் நினைவூட்டுங்கள்.

அடுத்தது, கூட்டத்தில் கலந்துகொள்வது. தேவையே இல்லை என்று ஒதுங்கிவிடலாமா? கூடாது என்பேன். கதவு எப்போதும் சாத்தியே இருந்தால் அது ‘இப்போது வேண்டாம்’ என்ற பொருளை இழந்து, ‘உங்களோடு வேண்டாம்’ என்றாகிவிடும். வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதுமானது. அந்த நேரத்தைக் கூட்டத்தின் தொடக்கத்தில் வையுங்கள். தொடக்கத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், ஒரே பேச்சு ஓடும், ஒவ்வொருவராக வரும்போது அறிமுகமும் எளிதாக முடியும். ஒன்பதரைக்கு மேல் உள்ளே நுழைந்தால் ஏற்கெனவே சூடுபிடித்த நான்கு பேச்சுகளுக்கு நடுவே நிற்க வேண்டியிருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள்.

உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: ‘எட்டரை வரைக்கும் இருப்பேன், அப்புறம் கொஞ்சம் வேலை இருக்கு.’ வேலை என்பது படிப்பதாகவும் இருக்கலாம், சும்மா படுத்திருப்பதாகவும் இருக்கலாம், விளக்கம் தேவையில்லை. நேரம் வந்ததும் எழுந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை ‘குட்நைட்’ சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் நழுவுவதுதான் பத்து நிமிடம் கழித்து யாரோ வந்து கதவைத் தட்டி ‘என்ன ஆச்சு, ஏதாவது பிரச்சினையா?’ என்று கேட்க வைக்கிறது. ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று இழுத்தால் சிரித்தபடி ஒரே வரி: ‘நாளைக்குப் பாப்போம்.’ காரணம் அடுக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு தீர்வு இருக்கும்.

உண்மையில் உறவை வளர்ப்பது இந்தக் கூட்டங்களைவிட, ஒருவரோடு ஒருவர் செலவிடும் சிறு நேரங்கள்தான். காய் நறுக்குவது, துணி மடிப்பது, மளிகை வாங்கப் போவது, சேர்ந்து ஒரு படம் பார்ப்பது. கையில் வேலை இருக்கும்போது முகம் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. நடுவே மௌனம் வந்தாலும் யாரும் சங்கடப்படுவதில்லை. வாரத்தில் ஒவ்வொரு ரூம்மேட்டோடும் இப்படி இருபது நிமிடம் கிடைத்தால், சனிக்கிழமை இரவு நீங்கள் அறையில் இருப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாத்திரம் கழுவுவது போன்றவற்றை ஒதுங்கி இருப்பதற்கு ஈடாக உங்கள் தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டு மாதத்தில் அது உங்கள் கடமையாகிவிடும். உங்களுக்குள் மனக்கசப்பு சேரும்.

கதவை வைத்தே ஒரு சைகை முறை ஏற்படுத்தலாம். திறந்திருந்தால் யாரும் வரலாம். ஒருக்களித்திருந்தால் தட்டிவிட்டு வரலாம். முழுக்கச் சாத்தியிருந்தால் அவசரம் தவிர வேண்டாம். நாளில் ஒரு மணி நேரமாவது கதவு உண்மையாகவே திறந்திருந்தால்தான் இது வேலை செய்யும்.

சத்தத்துக்கு வருவோம். இதில் பணத்தை வீணாக்குகிறவர்கள் அதிகம். சுவரில் முட்டை அட்டையோ மெல்லிய ஃபோமோ ஒட்டுவதால் ஹால் சத்தம் நிற்காது. அவை அறைக்குள் எழும் எதிரொலியை மட்டும் குறைக்கும். சத்தத்தைத் தடுக்கக் கனமும் இடைவெளியில்லாமையும் வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது கதவுக்கு அடியில் உள்ள சந்து. 80 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள கதவில் அடியில் 2 சென்டிமீட்டர் சந்து இருந்தால், அது கதவின் பரப்பில் ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத் திறப்பு இருக்கும்வரை, கதவு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஏறக்குறைய 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவின் அடிவிளிம்பில் ரப்பர் பட்டை, சட்டத்தின் மூன்று பக்கமும் ஒட்டும் ஃபோம் பட்டை ஆகிய இரண்டும்தான் மிகக் குறைந்த செலவில் மிக அதிக பலன் தருபவை. அறையில் வேறு காற்றோட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலே இல்லாத அறையில் அடிச்சந்தை அடைக்கக் கூடாது. உங்கள் கதவு மெல்லிய, உள்ளீடற்ற வகையாக இருந்தால் பலன் குறைவாகத்தான் கிடைக்கும்.

ஹாலோடு பொதுவான சுவரில் தலைமாடு இருந்தால் கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். காலியான அந்த இடத்தில் புத்தகம் நிறைந்த அலமாரியையோ துணி பீரோவையோ வையுங்கள். ‘தும் தும்’ என்ற பேஸ் ஒலி மட்டும் இதற்கெல்லாம் அடங்காது. அது தரை, சுவர் வழியாகவே பரவும். ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில்தான் அதைச் சரிசெய்ய முடியும்: தரையிலிருந்து எடுத்துத் தடித்த ஃபோம் மேல் வைப்பது, உங்கள் சுவரிலிருந்து தள்ளி வைப்பது, பேஸ் அளவைக் குறைப்பது. ‘சத்தத்தைக் குறைங்க’ என்பதைவிட ‘பேஸை மட்டும் குறைச்சுக்கலாமா’ என்றால் உடனே ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் பாட்டு கெடுவதில்லை.

காதில் வைக்கும் ஃபோம் அடைப்பான்களின் அட்டையில் 30 டெசிபலுக்கு மேல் தடுக்கும் என்று போட்டிருக்கும். சரியாகச் செருகாவிட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது. விரல்களில் உருட்டி மெல்லிய குச்சியாக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு உள்ளே விடுங்கள். விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன்கள் மின்விசிறி, என்ஜின் போன்ற சீரான தாழ்ந்த ஒலிக்கு நல்லவை. மனிதப் பேச்சை அவை அவ்வளவாக நீக்குவதில்லை. பேச்சை மறைக்க, அடைப்பானோடு மழைச் சத்தம் போன்ற சீரான ஒலியை மெல்லிதாக ஓடவிடுவதே சிறந்தது. வார்த்தைகள் புரியாமல் போனாலே போதும்; மூளை அதைத் தொடர்வதை விட்டுவிடும். அடைப்பான் வைத்துத் தூங்குகிறவர்களுக்கு அலாரம் கேட்காமல் போகலாம், தீ எச்சரிக்கையும்தான். அதிரும் அலாரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் வந்து தட்டி எழுப்பச் சொல்லி ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

தனி அறையே இல்லை, அறையையும் ஒருவரோடு பகிர வேண்டும் என்றால் இடத்துக்குப் பதில் நேரத்தைத்தான் பிரிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு முறை, தலா இரண்டு மணி நேரம் அறை உங்களுக்கு மட்டும். அதே அளவு அவருக்கும். கிழமையும் மணியும் நிலையாக இருக்கட்டும். வாரா வாரம் பேசித் தீர்மானிக்கும் ஏற்பாடு மூன்றாவது வாரத்தில் உடைந்துவிடும். கட்டிலைச் சுற்றி ஒரு திரை சத்தத்தைத் தடுக்காது, ஆனால் பார்வையைத் தடுக்கும். யாரும் நம் முகத்தைப் பார்க்கவில்லை என்பதே பெரிய ஓய்வு. ஹெட்ஃபோன் போட்டிருந்தால் பேச வேண்டாம் என்று பொருள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். மீதிக்கு வீட்டுக்கு வெளியே தேடுங்கள்: நூலகம், பூங்கா, நீண்ட நடை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் முன் வெளியே இருபது நிமிடம் தனியாக இருந்துவிட்டு வருவது பலருக்கு மாலை முழுவதையும் மாற்றிவிடுகிறது.

ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். தனியாக இருந்தபின் தெளிச்சி வருகிறது என்றால் அது சுபாவம். எத்தனை மணி நேரம் தனியாக இருந்தும் தெளியவில்லை, ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் பசித்தும் சமையலறைக்குப் போகாமல் இருக்கிறீர்கள், முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்கவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால், அது இன்ட்ரோவெர்ட் சுபாவத்தின் வேலை இல்லை. சமூகப் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கலாம். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். காதடைப்பானும் கதவுப் பட்டையும் அதற்கு மருந்தாகாது.

இவ்வளவும் செய்து ஆறு முதல் எட்டு வாரம் பார்த்த பிறகும் காலைச் சோர்வு எண் இறங்கவில்லை என்றால், அல்லது ஒப்புக்கொண்டதை அவர்கள் வேண்டுமென்றே மீறிக் கேலி செய்கிறார்கள் என்றால், வேறு வீடு பார்ப்பதில் தவறில்லை. அந்த வீட்டைப் பார்க்கப் போகும்போது, உங்களுக்குத் தரப்போகும் அறையின் கதவு நேரே ஹாலுக்குள் திறக்கிறதா, நடுவில் ஒரு சிறு வழியாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஹாலோடு பொதுச் சுவர் இருக்கிறதா, குளியலறைக்குப் போக ஹாலைக் கடக்க வேண்டுமா என்று பாருங்கள். பகலில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு வேலை நாள் இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு முறை போய் அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். அங்கிருப்பவர்களிடம் ‘நீங்க அமைதியான ஆளுங்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘போன வாரம் எத்தனை நாள் ஆளுங்க வந்தாங்க, கடைசியா எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க?’ என்று கேளுங்கள்.